ஓர்லெனோவின் ஒரே மகள்

1

இந்தக் கதை பிறக்கக் காரணம் ஒரு நகைக்கடை.

நியூ ஜெர்சி ஓக் ட்ரீ ரோட்டில் புதிதாகத் திறக்க இருந்த அந்தக் கடை, எங்கள் தமிழ்ச் சங்கத்தின் காலாண்டு இதழுக்கு இரண்டு பக்க விளம்பரம் தருவதாகச் சொல்லியிருந்தது. அச்சுக்குப் போகிற வாரத்தில் இல்லை என்று கையை விரித்துவிட்டது. இதழாசிரியன் நான். கூட்டத்தில் வேறு யாரும் கை தூக்காததால் ஆசிரியன் ஆனவன். சர்க்கரை நோய்க்கு யோசனை, வத்தக்குழம்பு, குழந்தைகளுக்கான குறுக்கெழுத்து எல்லாம் ஏற்கெனவே போட்டாயிற்று. இரண்டு பக்கம் வெள்ளையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஷ்யாமளாவுக்குப் போன் செய்தேன்.

"சேனாபதி அண்ணா, எனக்கு எழுதல்லாம் வராது."

"பயணக் கட்டுரை மாதிரி ஏதாவது குடும்மா."

"நான் எங்கண்ணா போயிருக்கேன்? தென்காசிலேருந்து மெட்ராஸ், மெட்ராஸ்லேருந்து நியூவர்க். இங்க வந்தப்புறம் பட்டேல் கடைக்கும் லாண்ட்ரி ரூமுக்கும் போயிட்டு வந்திருக்கேன்."

"லாண்ட்ரி ரூம் பத்தியே எழுது."

கேலியாகத்தான் சொன்னேன். அவள் எழுதிவிட்டாள். லாண்ட்ரி ரூமிலிருந்து நேராகப் பல்கேரியாவுக்குப் போனது அந்தக் கட்டுரை. அதற்குப் பிறகு நடந்ததுதான் கதை. இனி 'நான்' என்பவன் சற்று ஒதுங்கி நிற்பான். முடிந்த வரைக்கும்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

பால்கன் மலைத்தொடரின் தெற்கு அடிவாரத்தில், வால்நட் மரங்களின் நிழலில், காலம் மறந்துபோன ஒரு சிற்றூர் உறங்கிக்—

[வேண்டாம். நான் அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஷ்யாமளாவும் பார்த்ததில்லை. தவிர, எந்த ஊரும் உறங்குவதில்லை. அங்கே இருப்பவர்களுக்குக் காலையில் வேலை இருக்கும்.]

2, மறுபடியும்

1999 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, எடிசனில் ஓர் அபார்ட்மென்ட் கட்டடத்தின் லாண்ட்ரி ரூமில், ஷ்யாமளாவின் துணிகளோடு நின்றுபோன வாஷிங் மெஷினை ஒரு பெண் முழங்காலால் ஓங்கி இடித்தாள். மெஷின் ஓட ஆரம்பித்தது.

"பல்கேரியா," என்றாள் அந்தப் பெண், தன் முழங்காலைக் காட்டி.

இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

ஷ்யாமளா தென்காசிப் பெண். தாவரவியலில் எம்.எஸ்ஸி. ஊரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள், சபரிநாதனைக் கட்டிக்கொண்டு வந்ததும் 'டிபெண்டன்ட்' ஆனாள். விசாவில் அப்படித்தான் எழுதியிருந்தது. வேலைக்குப் போகக் கூடாது. சபரி காலையில் ரயிலேறி மன்ஹாட்டனுக்குப் போய், இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் மூச்சு விட மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் திருப்பணியைச் செய்துவிட்டு இரவு வருவான். பகல் முழுக்க அவளுக்கு நான்கு சுவர்.

முழங்கால்காரியின் பெயர் நெவேனா. கீழ் வீட்டுக்காரி. நாற்பதை ஒட்டிய வயது. செம்பு நிறச் சாயம் ஏற்றிய குட்டை முடி. ஒரு ட்ரை க்ளீனிங் கடையில் துணி பிடித்துத் தைக்கும் வேலை. கிரீன் கார்டு குலுக்கலில் பெயர் விழுந்து அமெரிக்கா வந்தவள். இதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு சபரி சாப்பிடவில்லை.

"குலுக்கல்லயா? கிரீன் கார்டா? நமக்கு அந்தக் குலுக்கல்ல சீட்டே கிடையாது, தெரியுமா உனக்கு? இந்தியாக்காரன்னா சேத்துக்கவே மாட்டான்!"

"அதுக்கு அந்தம்மா என்னங்க பண்ணுவா? தட்டை இப்படிக் குடுங்க, ஆறிப்போகுது."

*ஒரு குறிப்பு. நெவேனா பேசியது ஆங்கிலம். அதை நான் தமிழில் தருகிறேன். அவள் எங்கெல்லாம் வினைச்சொல்லை விட்டாளோ அங்கெல்லாம் நானும் விட்டிருக்கிறேன். அச்சுப்பிழை என்று சங்கத்துக்குப் போன் செய்ய வேண்டாம்.

3

நெவேனாவின் ஊர் ஓர்லெனோ. வரைபடத்தில் தேடாதீர்கள், பெயரை மாற்றிவிட்டேன். எழுதுகிறவனுக்குப் பெயரை மாற்றுவது சின்ன வேலை. பழைய பெயரை அடித்துவிட்டுப் புதியதை எழுதினால் முடிந்தது.

"அங்கே மலை. இங்கே ஊர். நடுவில் ஒன்றும் இல்லை," என்பாள் நெவேனா, துணி மடிக்கும் மேசையில் ஒரு போர்வையைக் குவித்து மலையாக்கி, அதன் அடியில் காலுறைகளை வீடுகளாக வைத்து. வடக்கே சுவர் மாதிரி மலை. வசந்தத்தில் அங்கிருந்து இறங்கும் காற்று ஓடுகளைத் தூக்கிவிடும். வீடுகளுக்குக் கீழ்த்தளம் கல், மேல்தளம் மரம். மேல்தளம் தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதால், எதிர் வீட்டுக்காரியிடம் உப்பு வாங்க ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் போதும். ஊர் நடுவே ஓடை. சுல்தான்கள் ஆண்ட காலத்தில் அந்த ஓடையில் வரிசையாகச் சக்கரங்கள் சுற்றின. அந்தச் சக்கரங்கள் பின்னிய கம்பளிப் பட்டிகள் சுல்தானின் சிப்பாய்களுடைய சட்டைகளில் ஏறின. அதே ஊர்க்காரர்கள்தான் பிறகு அதே சுல்தானை எதிர்த்துக் கிளம்பினார்கள். ஊர் எரிந்தது. எரியாமல் மிஞ்சியது மணிக்கூண்டு ஒன்றுதான். அந்த மணிக்கூண்டுக்கு மணி உண்டு, முகம் கிடையாது. முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை.

"ஏன் முகம் இல்லை?"

"காது இருக்கே," என்றாள் நெவேனா.

பிறகு ஊரை மறுபடி கட்டினார்கள். பொதுவுடைமை அரசு வந்து சக்கரங்களை நிறுத்தி, பெரிய கம்பளி மில் ஒன்றைத் திறந்தது. அந்த அரசு போனது, மில்லும் போனது. ஆனாலும் இலையுதிர் காலத்தில் தெருவுக்குத் தெரு சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரிப்பார்களாம். நாலு நாளைக்கு ஊரே அந்த வாசனையில் கிடக்குமாம். மார்ச் மாதம் சிவப்பும் வெள்ளையுமாக நூல் திரித்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, முதல் நாரையைப் பார்த்ததும் அவிழ்த்து ஏதாவது பழமரத்தின் கிளையில் கட்டிவிடுவார்களாம்.

ஷ்யாமளா இதையெல்லாம் 'மலையடியில் ஓர் ஊர்' என்று எழுதினாள். நெவேனா சொல்லாமல் விட்ட இடங்களில் தென்காசியைப் போட்டு அடைத்தாள். அதனால் ஓர்லெனோவில் ஆடி மாதம் சாரல் அடித்தது. மலையிலிருந்து இறங்கிய குரங்குகள் மிளகாயைத் தூக்கிக்கொண்டு ஓடின.

"பல்கேரியாவுல குரங்கு உண்டாம்மா?" என்று கேட்டேன்.

"மலை இருக்குல்லண்ணா, குரங்கு இல்லாமலா இருக்கும்?"

குரங்கை வெட்டிவிட்டேன். சாரல் நன்றாக இருந்ததால் விட்டுவைத்தேன். ஓர் இதழாசிரியன் இதற்கு மேல் நேர்மையாக இருந்தால் இதழ் வராது.

4

கட்டுரைக்கு வரவேற்பு இருந்தது என்று சொன்னால் அடக்கம். இரண்டாம் இதழ் வந்ததும், பட்டேல் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவளை மூன்று பேர் நிறுத்திக் கேட்டார்கள். "அந்த முகமில்லாத கடிகாரத்துக்கு யாருங்க சாவி குடுக்கறாங்க?"

ஷ்யாமளாவுக்கு அது தெரியாது. மூன்றாம் இதழில் பதில் எழுதினாள்: நெவேனாவின் தந்தைதான் மணிக்கூண்டின் காவலர். தினமும் படியேறிச் சாவி கொடுப்பார். நெவேனா அவருக்கு ஒரே மகள். அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறுவாள்.

நான் ஒரு போட்டோ கேட்டேன். ஷ்யாமளாவின் சமையலறையில் நெவேனா தோசையைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம். கறுப்பு வெள்ளை அச்சில் தோசை தெளிவாக விழுந்தது. நெவேனா ஏறக்குறைய விழுந்தாள்.

இதழை நெவேனாவுக்குக் காட்டியபோது தன் படத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு எழுத்தின் மேல் விரலை ஓட்டினாள்.

"என்ன எழுதியிருக்கிறாய்?"

ஷ்யாமளா படித்துப் படித்து ஆங்கிலத்தில் சொன்னாள். மலை, ஓடை, மணிக்கூண்டு. காவலரும் ஒரே மகளும் வந்த இடத்தில் அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. எழுந்து போனவள், திரும்பி வந்து அடுத்த பத்தியிலிருந்து தொடர்ந்தாள்.

[குக்கர் உண்மையில் விசில் அடித்ததா என்று அவளைக் கேட்டேன். "அடிச்சிருக்கும்ண்ணா," என்றாள்.]

5

இனிமேல் கோபாலசாமி.

இவரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இப்படி ஒருவர் சரியான நேரத்தில் வந்து நின்றால், வாசகர் 'ஆசிரியர் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்' என்றுதான் நினைப்பார். நான் என்ன செய்ய? அவராகத்தான் வந்தார்.

கோவைப் பக்கத்துக்காரர். பொதுப்பணித் துறையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். எடிசனில் மகள் வீட்டுக்கு வந்திருந்தார். எதையும் நேரில் போய்ப் பார்க்காமல் நம்பாத மனிதர். 2000 ஜனவரியில், கம்ப்யூட்டர்கள் எதுவுமே நிற்காமல் ஓடி சபரியின் வேலைக்கே உலை வைத்திருந்த நேரத்தில், சங்கத்துப் பொங்கல் விழாவில் சாம்பார் வரிசையில் நின்ற ஷ்யாமளாவிடம் வந்தார்.

"ஏனுங் அம்மிணி, மலையடியில் ஓர் ஊர் எழுதறது நீங்கதானுங்களே?"

"ஆமா அங்கிள்." அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"அருமையா எழுதறீங்க. எனக்கு அந்த ஊரையே பாத்தாப்புல இருந்துச்சுங்க. அதான், பாத்துட்டே வந்தரலாம்னு இருக்கறனுங்க."

"எதை அங்கிள்?"

"ஊரைத்தானுங்க! என்ற சின்னப் பையன் மதன் மருந்துக் கம்பெனி வேலையா அந்த நாட்டுத் தலைநகரு சோஃபியாவுலதான் இருக்கறான். ஏப்ரல்ல அவங்கிட்டப் போறேன். அங்கிருந்து காருல போனா பக்கமாம். அந்தச் சாரல்ல நனையோணும். மணிக்கூண்டு ஏறோணும். உங்க நெவேனாவோட அப்பாவப் பாத்து ஒரு வணக்கம் சொல்லோணும்."

ஷ்யாமளா கையிலிருந்த தட்டு சாய்ந்து சாம்பார் பட்டுப்புடவையில் வழிந்தது. அது கோபாலசாமிக்குச் சாட்சியாகத் தோன்றியது. நம்மூர் ஆள் ஒருவர் நேரில் போகிறார் என்றதும் பிள்ளை எப்படி நெகிழ்ந்துவிட்டது பாருங்கள் என்று மகளிடம் சொன்னாராம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சபரி காரில் சிரித்துக்கொண்டே வந்தான்.

"குரங்கை சேனாபதி வெட்டினது உன் அதிர்ஷ்டம்."

"சும்மா ஓட்டுங்க. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

6

அடுத்த நாள் கீழே போய் நெவேனாவிடம் சொன்னாள். ஒரு வயதான இந்தியர் உன் ஊருக்குப் போகிறார். உன் வீட்டு விலாசம் கொடு. யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்.

நெவேனா ஒரு கால்சட்டையின் விளிம்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினிலிருந்து காலை எடுத்தாள்.

"ஏன் அவர் அங்கே? அங்கே ஒன்றும் இல்லை. அவரிடம் சொல், பாரிஸ்."

"அவர் பிடிவாதக்காரர். உன் அப்பா..."

"அப்பா துருக்கியில். மண்ணுக்குள்."

அவ்வளவுதான். மறுபடி காலை வைத்து மெஷினை ஓட்டினாள். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அவள் லாண்ட்ரி ரூமுக்கு வரவில்லை. வேறு கிழமைக்கு மாறிவிட்டாள். படியில் பார்த்தால் குளிர் அதிகம் என்பாள். ஓர்லெனோ நின்றுபோனது. ஐந்தாம் கட்டுரைக்கு ஷ்யாமளாவிடம் தென்காசி மட்டுமே மிச்சம் இருந்தது. எழுதவில்லை. கதை சொல்ல ஆள் இல்லாமல் போனதைவிட, எடிசனில் அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி போய்விட்டாள் என்பதுதான் உறைத்தது.

பல்கேரியாக்காரியின் அப்பா எதற்குத் துருக்கியில்? இதை அவள் என்னிடம் கேட்டாள். நான் சொன்னேன், சும்மா இரும்மா, சிலருக்குச் சில—

[இங்கே நான் என்ன அறிவுரை சொன்னேன் என்பதை விட்டுவிடுகிறேன். பயன்படவில்லை.]

7

கோபாலசாமி போய்ச் சேர்ந்தார். மதன் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோதே இறங்கி, இதழைக் கையில் பிடித்துக்கொண்டு, மங்க்கி குல்லாயோடு ஓர்லெனோவின் முக்கில் நின்றார்.

மலை இருந்தது. எழுதிய மாதிரியே, சுவர் மாதிரி. ஓடை இருந்தது. வீடுகள் தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தன. மணிக்கூண்டுக்கு முகம் இல்லை. ஷ்யாமளாவின் மேல் அவருக்கு இருந்த மரியாதை ஒரு படி ஏறியது. சாரல் மட்டும் இல்லை. சீசன் இல்லை போல என்று எடுத்துக்கொண்டார்.

காபிக் கடைக்காரரிடம் படத்தைக் காட்டி, "நெவேனா? நெவேனா தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கடைக்காரர் படத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் தலையை ஆட்டினார். கோபாலசாமி நன்றி சொல்லிவிட்டு ரொட்டிக் கடைக்குப் போனார். ரொட்டிக்காரம்மாவும் ஆட்டினாள். தபாலாபீஸ் வாசலில் ஆட்டினார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவர்கள் வரிசையாக ஆட்டினார்கள். மதன் வந்து சேர்ந்தபோது அப்பா ஓடைப்பாலத்தின் கைப்பிடியில் சோர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஊரே தெரியாதுங்குதுடா. அந்த அம்மிணி நம்மள ஏமாத்திப்போட்டா."

மதன் நடந்ததைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்பா, இந்த நாட்டுல இப்படி ஆட்டினா ஆமான்னு அர்த்தம். இல்லைன்னா தலைய மேலயும் கீழயும் ஆட்டுவாங்க. நான் வந்த புதுசுல வீட்டுக்காரம்மா வேண்டாம் வேண்டாம்னு சொல்றதா நெனைச்சு வாடகையே குடுக்காம இருந்தேன்."

ஊரே தெரியும் என்றிருக்கிறது. யாரிடமும் மேற்கொண்டு கேட்காமல் இவர்தான் நன்றி சொல்லி நகர்ந்திருக்கிறார். திரும்பிப் போனார்கள். ரொட்டிக்காரம்மா ஏற்கெனவே ஆளனுப்பிவிட்டிருந்தாள். மாவு ஒட்டிய கையோடு ஒரு பெண் தெருவில் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தாள். நல்ல பருமன். படத்தை வாங்கிப் பார்த்தாள். தோசைக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த அந்த முகத்தை எப்படி அடையாளம் கண்டாளோ, சொன்ன பெயர் நெவேனா இல்லை.

"நெஃபிஸே," என்றாள்.

8

எடிசனில் அது ஞாயிற்றுக்கிழமை காலை. சபரி தோசை ஊற்றிக்கொண்டிருந்தான். போனை ஷ்யாமளா எடுத்தாள்.

"அம்மிணி, கோபாலசாமி பேசறனுங்க, ஓர்லெனோவுலேருந்து. ஒரு சின்னச் சிக்கலுங்க. உங்க நெவேனா நெவேனா இல்லீங்களாமா."

"என்ன அங்கிள் சொல்றீங்க?"

"நெஃபிஸேவாமா. இவங்க அவளோட அக்கா, எமினே. எம்பக்கத்துலயே நிக்கறாங்க. நீங்க எழுதுனத நான் படிச்சு, மதன் அதைப் பல்கேரியன்ல சொன்னானுங்க. மணிக்கூண்டுக் காவக்காரருன்னதும் ஊரே சிரிச்சுதுங்க. இவங்க அப்பா கம்பளி மில்லுல ஃபிட்டராமா. அதுகூடப் பரவால்லீங்க..." அவர் குரல் தயங்கியது. "ஒரே மகள்னு இருந்துச்சுங்களே, அந்த வரிக்கு இவங்க அழுதுட்டாங்க. எனக்கு அக்காவே இல்லைன்னு அவ சொல்லிட்டாளான்னு கேக்கறாங்க. நான் என்னனு சொல்லட்டும்?"

ஷ்யாமளா ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள்.

இங்கே நான் குறுக்கிட வேண்டியிருக்கிறது. ஷ்யாமளாவுக்கு அன்று தெரியாத, பிறகு நெஃபிஸே அவளுக்குச் சொன்ன விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களை நான் வேண்டுமென்றே இருட்டில் நிற்கவைப்பதாக ஆகும்.

ஓர்லெனோவில் துருக்கி மொழி பேசும் முஸ்லிம் குடும்பங்களும் பரம்பரையாக இருந்தன. 1984 குளிர்காலத்தில் பல்கேரிய அரசு நாடு முழுக்க அவர்களுடைய பெயர்களை மாற்றத் தொடங்கியது. பழைய பெயரை அடித்துவிட்டுப் புதியதை எழுதியது. மறுத்தவர்களுக்குச் சம்பளம் இல்லை, சிலருக்குச் சிறை. நெஃபிஸே நெவேனா ஆனாள். எமினே எலேனா ஆனாள். தெருவில் தாய்மொழி பேசக் கூடாது. 1989 கோடையில் அதே அரசு, விருப்பமிருந்தால் போங்கள் என்று எல்லையைத் திறந்தது. லட்சக்கணக்கான பேர் வண்டிகளில் மெத்தையும் அடுப்பும் கட்டிக்கொண்டு துருக்கிக்குப் போனார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான பாஸ்போர்ட்டில் போனதால் அதற்குப் 'பெரிய சுற்றுலா' என்று பெயர் வந்தது.

(மூன்றாவது பகுதியில் பெயரை மாற்றுவது பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். நான் எவ்வளவு லேசாக எழுதினேன் என்பது தெரியட்டும்.)

அப்பாவும் அம்மாவும் எமினேயும் வண்டி ஏறினார்கள். நெஃபிஸே ஏறவில்லை. அவள் ஒரு பல்கேரியரைக் கட்டியிருந்தாள். அவர் வரமாட்டேன் என்றார். வண்டி கிளம்பும்போது எமினே சொன்னாளாம்: "நெவேனான்னு யாரையும் எனக்குத் தெரியாது."

அந்த ஆண்டு முடிவதற்குள் அரசு கவிழ்ந்தது. பழைய பெயர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எமினே ஓர்லெனோவுக்கே திரும்பி வந்தாள். அப்போது நெஃபிஸே கணவனோடு சோஃபியாவில் இருந்தாள். ஒரு பஸ் பயணம்தான். போகவில்லை. பிறகு குலுக்கலில் அமெரிக்கா. வந்த வேகத்தில் கணவரும் பிரிந்துபோனார். பெயரை மட்டும் ஏன் மாற்றிக்கொள்ளவில்லை என்று ஷ்யாமளா கேட்டபோது அவள் சொன்னது: "பெயர் கூப்பிடுவதற்கு. கூப்பிட யார்?"

9

"அங்கிள், போனை வைக்காதீங்க! வெச்சுடாதீங்க!" ரிசீவரை மேசைமேல் போட்டுவிட்டு ஷ்யாமளா படியில் ஓடினாள். கதவைத் தட்டினாள். தட்டினாள் என்பது போதாது. முழங்காலால் இடித்தாள்.

நெவேனா உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியபடி திறந்தாள்.

"உன் அக்கா. போனில். எங்கள் வீட்டில்."

நெவேனா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டாள். நிதானமாகத்தான் செய்தாள்.

"எந்த அக்கா?"

"எமினே."

நெவேனா வாசல் தாண்டி வந்து மாடிப்படியின் முதல் படியில் கால் வைத்தாள். ஷ்யாமளா குறுக்கே நின்றாள். இதைச் சொல்லாமல் மேலே அனுப்பக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

"ஒரு நிமிஷம். நான் எழுதிவிட்டேன், நீ ஒரே மகள் என்று. அதை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டிவிட்டார்கள். அப்பா மணிக்கூண்டுக்காரர் என்பது நானாகக் கட்டியது. அதற்கு என்னைத் திட்டு. ஆனால் இதை நான் உன்னிடம் கேட்டேன் நெவேனா. உனக்கு அக்கா தங்கை யாராவது உண்டா என்று லாண்ட்ரி ரூமில் கேட்டேன். நீ இப்படி ஆட்டினாய்."

பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினாள்.

நெவேனா அவளையே பார்த்தாள். மேலே சமையலறையிலிருந்து ரிசீவர் வழியாகக் கோபாலசாமியின் "அலோ, அலோ" சன்னமாகக் கேட்டது. தோசை கருகும் வாசனை வந்தது.

"என் ஊரில்," என்றாள் நெவேனா மெதுவாக, "இது ஆமாம்."

ஷ்யாமளாவைத் தாண்டி மேலே ஓடினாள். சபரி தோசைக் கரண்டியோடு ஒதுங்கினான். ரிசீவரை எடுத்தாள். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு தன் பெயரைச் சொன்னாள், பழைய பெயரை. சொல்லிவிட்டுக் காலால் தள்ளிச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டாள்.

10

முடிவு ஒன்று: அக்காவும் தங்கையும் அழுது, மன்னித்து, அந்தக் கோடையிலேயே

[அடித்துவிட்டேன். இது நான் விரும்புவது. நடந்ததா என்று தெரியாது.]

முடிவு இரண்டு: எமினே போனை வைத்து

[அடித்துவிட்டேன். இது என்னைக் கெட்டிக்காரனாகக் காட்டுவதற்காக எழுதியது.]

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஷ்யாமளாவும் சபரியும் ஹாலில் நின்றார்கள். உள்ளே துருக்கி மொழியில் ஒரு சண்டை நடந்தது. சண்டை என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. ஷ்யாமளா அதைச் சிரிப்பு என்கிறாள். சபரி அழுகை என்கிறான்.

கதவைத் திறந்துகொண்டு வந்தவள் முகம் வீங்கியிருந்தது. கருகிய தோசையை எடுத்துக் கடித்தாள்.

"அடுத்த இதழில் எழுது. எனக்கு அக்கா உண்டு. குண்டு என்றும் எழுது. என்னைவிட மூத்தவள், ஆனாலும் முடியில் நரை இல்லை, சாயம்தான், அதையும் எழுது."

எழுதினாள். ஐந்தாம் கட்டுரையாக வந்தது ஒரு பிழை திருத்தம்தான். அதில் சாரலையும் மணிக்கூண்டுக் காவலரையும் ஷ்யாமளாவே அடித்திருந்தாள். 'ஒரே மகள்' என்பதை 'இளைய மகள்' என்று திருத்திப் படிக்கவும், தலையசைப்பைத் தவறாகப் புரிந்துகொண்டதால் நேர்ந்த பிழை என்றும் இருந்தது. எமினேயின் உடல்வாகு பற்றிய வரியை நான் வெட்டப் பார்த்தேன். அது போனால் கட்டுரையே கிடையாது என்றாள். விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ் வீட்டில் போனில் நடக்கும் அந்தச் சண்டைச் சத்தம் மேலே வரைக்கும் கேட்கிறதாம். மாடியில் ஷ்யாமளா அவளை நெஃபிஸே என்றே கூப்பிடுகிறாள். முதல் தடவை கூப்பிட்டபோது அவள் திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

சபரிதான் குட்டையைக் குழப்பினான்.

"அஞ்சு வருஷமா இந்த ஊர்ல இருக்கறவ. காபி வேணுமான்னா மேலயும் கீழயும் ஆட்டி வாங்கிக்கறா. இன்னும் வேணுமான்னா பக்கவாட்டுல ஆட்டி வேண்டாங்கறா. நானே பாத்திருக்கேன். அக்கா உண்டான்னு கேட்டப்ப மட்டும் எப்படி பல்கேரியா ஞாபகம் வந்துச்சாம்?"

"உங்களுக்கு எல்லாத்துலயும் பக் கண்டுபிடிக்கணும்," என்றாள் ஷ்யாமளா. நெஃபிஸேவிடம் இதை அவள் இன்றுவரை கேட்கவில்லை.

அன்றைக்கு லாண்ட்ரி ரூமில் அவள் ஆட்டியது எந்த ஊர்த் தலையசைப்பு? ஓர்லெனோவின் ஆமாமா, நியூ ஜெர்சியின் இல்லையா? அக்கா நம்பிவிட்டாள், அல்லது நம்புவதாக வைத்துக்கொண்டாள். முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

நீ நம்புகிறாயா என்று என்னைத் திருப்பிக் கேட்பீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள். தலையை ஆட்டுகிறேன், நம்மூர் ஆட்டாக.